நான் காணாத கனவு

இவ்வீட்டின் தலைவன் நானே என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டுவதென்று சென்ற ரஜப் மாதத்தில் உறுதி பூண்டேன். அவ்வுறுதியை என் மனைவி யமீனாவிடம் அறிவிக்க ஏற்ற தருணம் வாய்க்காமையால் பதினோரு நாள் பொறுத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் அவளே தருணத்தை உண்டாக்கினாள்.

"நம்ம நிஹாத் ஒரு பையனப் பாத்து வச்சிருக்கா. பேரு எல்டின். போஸ்னியாக்காரன்."

ரோட்டர்டாம் துறைமுகத்தில் முப்பத்தோர் ஆண்டு பாரந்தூக்கி இயக்கியவன் நான். எத்தனையோ ஆயிரம் பெட்டிகளை அலுங்காமல் இறக்கிய எனக்கு, இந்தச் சிறு செய்தியை இறக்கிவைக்க இடம் தெரியவில்லை. எங்களுக்குப் பூர்விகம் மொராக்கோ. நிஹாத் பிறந்த நாள்முதல், ஆண்ட்வெர்ப்பில் இருக்கும் என் அண்ணன் மகன் ஜவாதுக்கே எங்கள் ஊர் வழக்கப்படி அவளைக் கொடுப்பதென்று மனத்துக்குள் முடித்து வைத்திருந்தேன்.

மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளை மறித்தேன்.

"நம்ம பேச்சு ஒரு வார்த்தையாச்சும் தெரியுமா அவனுக்கு?"

"சலாம் சொல்லத் தெரியும் பாபா. அஞ்சு வேளையும் தொழறான். மார்க்கம் அதுக்கு மேல என்ன கேக்குது?"

"குடும்பம்னு ஒண்ணு இருக்கே! ஜவாது நம்ம ரத்தம்."

"ஆமா, ரத்தம்!" என்றாள் யமீனா. "பெருநாள் தொழுகை முடிஞ்சு எல்லாரும் செருப்புத் தேடுறப்பதான் வந்து நிக்கும் உங்க ரத்தம்."

மார்க்கத்தைக் கொண்டு என்னை வீழ்த்தினார்கள். மார்க்கத்தைக் கொண்டே எழுவதென்று தீர்மானித்தேன்.

தனக்கு நன்மை எதுவெனக் காட்டும்படி இறைவனை வேண்டும் இஸ்திகாரா தொழுகையை நிஹாத் தொழுது வந்தாள். அதற்கு விடை கனவில் வரும் என்பது எங்களில் பலர் நம்பிக்கை. நானும் தொழப்போவதாக அறிவித்தேன். மறுநாள் காலை, ரொட்டியைத் தேனில் தோய்த்தபடி முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டேன்.

"ஒரு கனவு கண்டேன்."

"என்ன கனவு?" என்றாள் யமீனா.

"பெரிய பாலம். நடுவுல எல்டின். பாலம் இடிஞ்சு விழுது. நிஹாத் கரையில நின்னு கதறுறா."

"அவன நீங்க பாத்ததே இல்லையே. எப்படி அடையாளம் தெரிஞ்சுது?"

"சட்டையில பேரு போட்டிருந்துச்சு."

நிஹாத் சிரிக்கவில்லை. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு அப்படிக் காட்டியிருந்தா... நான் வேணாம்னு சொல்லிடறேன் பாபா."

ஒரு வாயும் உண்ணாமல் வேலைக்குப் போய்விட்டாள்.

வென்றேன். தேன் மட்டும் ஏனோ கசந்தது. யமீனா ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் பேசியபோதெல்லாம் நான் தோற்றிருக்கிறேன். அவள் பேசாதிருந்தபோது பிழைத்ததே இல்லை.

அதற்கடுத்த நாள் காலை என் தட்டில் ரொட்டி இல்லை. முட்டை இல்லை. நட்டநடுவே இரண்டு பார்லி மணிகள் இருந்தன.

காணாத கனவைக் கண்டதாகச் சொன்னவனிடம், இரண்டு பார்லி மணிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும்படி மறுமை நாளில் சொல்லப்படும். அவனால் அது ஒருபோதும் ஆகாது. எங்கள் பள்ளிவாசல் வகுப்பில் பால்பல் விழாத பிள்ளைகளும் அறிந்த நபிமொழி இது.

எனக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யமீனா திரும்பவே இல்லை.

"சாப்பிடலையா?"

"யமீனா... பாலமெல்லாம் வரல. படுத்தேன், விடிஞ்சுது. அவ்வளவுதான்."

"என்னங்க சொல்றீங்க?"

"கனவு பொய்ம்மா!"

"யா அல்லாஹ்! நான் நம்பிட்டேனே! பச்சப்புள்ள மாதிரி அழுதாளே அவ! எங்கிட்ட ஏன் சொல்றீங்க, அவகிட்ட சொல்லுங்க."

மகளின் எண்ணை அழுத்திப் போனை என் காதில் வைத்தாள். உண்மையை உரைத்தேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"அப்ப எல்டின் வீட்டுல வந்து பேசலாமா பாபா?"

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லும்மா."

போனை வைத்தேன். "பார்லிய வச்சே என்னைப் பிடிச்சிட்டியே!"

"எந்தப் பார்லி? ஓ, அதுவா? சூப்புக்குப் பொறுக்கினேன். ரெண்டு உருண்டு வந்திருக்கும்."

அப்படியாயின் என்னை எவரும் பிடிக்கவில்லை! என் மனச்சான்றன்றோ என்னைத் தானாகத் திருத்தியது! அந்தப் பெருமிதத்தில் நெஞ்சை நிமிர்த்திப் படியிறங்கினேன். கீழ்வீட்டு சாலிஹா வாசலில் நின்றிருந்தாள்.

"அண்ணே, நேத்து யமீனா வந்து பார்லி கேட்டாங்க. ஒரு பை எடுத்துக்கங்கன்னேன். 'வேணாம், அவருக்கு ரெண்டு மணியே போதும்'னுட்டாங்க!"