வாங்கினால் கூப்பிடுவான்

பெண்கள் செருப்புக் கடையின் கல்லா முன்னால் பிரேக் சார் கார்டை நீட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தார். கார்டு தேய்க்கும் கருவி ஒருமுறை முனகியது. பிறகு ‘சரிபார்க்கப்படுகிறது’ என்று எழுதிக் காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

“வேற கார்டு இருக்கா சார்?” என்றாள் கல்லாக்காரி.

“இல்லம்மா.”

“போன்ல கட்டறீங்களா?”

“அதெல்லாம் எனக்கு வராது. நோட்டு வெச்சிருக்கேன், தரட்டுமா?”

போன் வரும்வரை நேரத்தைக் கடத்த அவர் நீட்டிய நோட்டை, யாரோ பிடுங்கிய பல்லைக் கையில் கொண்டுவந்து காட்டியதைப் போல அவள் பார்த்தாள். “நோட்டு வாங்கறதை எப்பவோ நிறுத்திட்டோம் சார்.”

பின்னால் நின்ற வரிசை பெருமூச்சு விட்டது. பிரேக் சார் அசரவில்லை. அவர் கருவியைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையில் இருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்தது. அவர் முகம் மலர்ந்தது.

“அப்பா, செருப்புக் கடையில கார்டு தேய்ச்சது நீங்கதானா?”

“நான்தாம்ப்பா. எப்படி இருக்கே?”

“நல்லா இருக்கேம்ப்பா. பெண்கள் செருப்புன்னு வருதே?”

“ஆமா, சும்மாதான். கேளு, நேத்திலேர்ந்து முழங்கால் ரொம்பப் படுத்துது.”

“அப்படியா? அப்புறம்?”

பிரேக் சார் வரிசையை விட்டு ஒதுங்கி, முழங்காலில் ஆரம்பித்துத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது வரைக்கும் சொல்லி முடித்தார். அதற்குள் கருவிக்கு மனம் இறங்கிவிட்டது. சிவப்பு வார் வைத்த, குதிகால் உயர்ந்த ஒரு ஜோடிச் செருப்பு பையில் போடப்பட்டு அவர் கைக்கு வந்தது.

அவர் வாழ்நாள் முழுவதும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மாணவன் முட்டப்போகும் நேரத்தில் சத்தம் போடாமல் அதை மிதிப்பார். அந்தப் பெயர்தான் நிலைத்தது. வேலையை விட்ட பிறகும், வீட்டில் உட்கார்ந்து டீவி பார்க்கும்போது யாராவது வேகமாக ஓட்டினால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

மனைவி போன பிறகு வீட்டில் அவர் மட்டும்தான். ஒரே மகன் வெளிநாட்டில். முதலில் வாரம் தவறாமல் கூப்பிட்டான். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு, “மீட்டிங்ல இருக்கேம்ப்பா, அப்புறம் பேசறேன்” என்பான். அந்த ‘அப்புறம்’ வரவே வராது.

கடைகளில் நோட்டு செல்லாமல் போனதும் மகன் கூரியரில் ஒரு கார்டு அனுப்பினான். “நீங்க எங்க தேய்ச்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும்ப்பா. ஏதாவது வித்தியாசமா இருந்தா போன் வரும். கவலையே படாதீங்க” என்றான். பாலுக்குத் தேய்த்தார், ரொட்டிக்குத் தேய்த்தார், ரத்த அழுத்த மாத்திரைக்குத் தேய்த்தார். போன் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் பல்பு வாங்கப் போன கடையில் கடைக்காரன் கைதவறி ஒரு சைபர் கூடுதலாக அழுத்திவிட்டான். உடனே போன் அடித்தது. மகன். அவசரமே படாமல் பேசினான். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்புறம்?” என்றான். பெற்ற பிள்ளை இப்படிக் கேட்டு எத்தனை வருஷமாகிறது என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்தவர், அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு பிரேக் சாருக்கு வழி பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் குளமோ ஆறோ இல்லாத ஊரில் தூண்டில் வாங்கினார், போன் வந்தது. தலையில் முடி இல்லாதவர் தலைச்சாயம் வாங்கினார், போன் வந்தது. ஆனால் அதே சாயத்தை மறுபடி வாங்கியபோது வரவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது கிறுக்குத்தனம் செய்தாக வேண்டியிருந்தது. அப்படித்தான் சிவப்புச் செருப்புக்கு வந்து சேர்ந்தார்.

கடை வாசலில் கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா எதிரே வந்தாள். பை திறந்திருந்தது.

“யாருக்கு சார் இவ்வளவு அழகா?”

“தங்கச்சிக்கு” என்றார் பிரேக் சார். வாயில் வந்ததைச் சொன்னார்.

பல் டாக்டரம்மாவிடம் ஒரு பழக்கம். நோயாளி வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போது ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். மறுபேச்சு வராத ஜனங்களிடம் பேசிப் பேசி அவளுக்கு அது சுகமாகப் போய்விட்டது. அந்த வாரமே பிரேக் சாரின் தங்கை கடைவாய்ப் பல்லைக் காட்டப் போய், அந்த நாற்காலியில் படுத்தாள்.

கன்னம் மரத்துப்போன நிலையிலேயே மாடியேறி வந்தாள்.

“அண்ணே, என் தெருப்பு எங்கே?”

“தெருவுல என்ன?”

“தெருப்புண்ணே. கால்ல போடற தெருப்பு. எனக்கு வாங்கினியாமே.”

வேறு வழியில்லாமல் எடுத்து வைத்தார். தங்கை அதில் ஒற்றைக் காலை நுழைத்துப் பார்த்தாள். பாதி விரல் வெளியே நின்றது. இடுப்புப் பிடிப்போடு நடமாடுகிற தன்னையும், அந்தக் குதிகாலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதை எனக்கா வாங்கினே? உண்மையைத் தொல்லு. யாருக்கு?”

உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் இவள் மகனைப் பிடித்து, ‘உன் அப்பன் உன் குரலைக் கேக்கறதுக்குச் செருப்பு வாங்கறான்டா’ என்று மானத்தை வாங்குவாள். அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டால் அப்புறம் எதை வாங்கினாலும் கூப்பிட மாட்டான்.

“ஒருத்தருக்கு” என்றார்.

தங்கையின் கை கன்னத்துக்குப் போனது. “ஒருத்தருக்குன்னா? இந்த வயசுலயா?”

அவர் செருப்பை எடுத்து மறுபடி பைக்குள் போட்டார்.

“இரு, உன் புள்ளைகிட்ட தொல்றேன். அடுத்த பிளைட்ல வந்து நிப்பான் பாரு.”

அவள் மிரட்டத்தான் சொன்னாள். பிரேக் சாரின் காதில் அது தேனாக விழுந்தது. அம்மாவின் காரியத்துக்கு வந்து போனவன், அதற்குப் பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை. செருப்புக்குக் குரல் வருகிறது என்றால், இன்னும் பெரிதாக எதையாவது வாங்கினால் ஆளே வந்துவிட மாட்டானா?

மறுநாள் மரச்சாமான் கடைக்குப் போய், இரண்டு பேர் படுக்கிற கட்டில் ஒன்றைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றார். கார்டைத் தேய்த்ததும் போன் வந்தது.

“அப்பா, ரெட்டைக் கட்டிலா வாங்கறீங்க?”

“ஆமாம்ப்பா.”

“பெரிய தொகையா இருக்கே. நல்லா யோசிச்சுட்டீங்களா?”

“யோசிச்சுட்டேன்.” பிரேக் சார் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். “நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டப்போகிறான், அழப்போகிறான், நாளைக்கே கிளம்பி வரேன் என்று சொல்லப்போகிறான்.

“சந்தோஷம்ப்பா” என்றான் மகன். “அப்புறம்?”

கட்டிலுக்கு அனுமதி வந்துவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் பிரேக் சார் அந்தச் ‘சந்தோஷ’த்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். யார் அந்தப் பெண் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அம்மாவின் பேரைக்கூட எடுக்கவில்லையே. கடைசியில், அதிர்ச்சியில் பேச்சு வராமல் போயிருக்கும், டிக்கெட் எடுத்துவிட்டுச் சொல்லாமல் வந்து நிற்பான் என்று தீர்மானித்துக்கொண்டார். மகனின் அறையைத் திறந்து தூசி தட்டினார். மெத்தை விரிப்பை மாற்றினார். குளியலறையில் புது சோப்பு வைத்தார்.

மகனுக்கு முன்னால் கட்டில்தான் வந்தது. டாக்டரம்மாவின் முதல் மாடிக் கிளினிக்கை எட்டுவதற்கு முன்பே, மாடிப்படி திரும்பும் இடத்தில் அது மாட்டிக்கொண்டது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், தூக்கிவந்தவர்களில் ஒருவனுக்கு விரல் நசுங்கியது. “தெரு வாசல் வரைக்கும்தான் சார் காசு கட்டியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். பல் டாக்டரம்மாவின் நோயாளிகள் கட்டில் காலுக்கு அடியில் குனிந்து போக வேண்டியதாயிற்று. தாடை வீங்கிய ஒருவர் குனிய முடியாமல், அந்தக் கட்டில் சட்டத்திலேயே சாய்ந்து காத்திருந்தார்.

“சார், இது ஒண்ணு மேல போகணும், இல்ல கீழ போகணும்” என்றாள் டாக்டரம்மா. “உங்க கல்யாணத்துக்கு நான் குறுக்க நிக்கல. கட்டில்தான் எனக்குக் குறுக்க நிக்குது.”

அன்று மாலை தங்கை வந்தாள். இப்போது கன்னம் சரியாகிவிட்டிருந்தது. வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது. வழக்கம்போல மாத்திரை டப்பாவை நிரப்ப வந்தவள், கட்டிலைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினாள்.

“அசிங்கமா இல்லையாண்ணே? அண்ணி படுத்த ரூம்ல இதைப் போடப்போறியா?”

“பையனே சந்தோஷம்னு சொல்லிட்டான். உனக்கென்ன?”

“அவன் சொன்னானா? எத்தனை தடவை அடிச்சுட்டேன், எடுக்கவே மாட்டேங்கறான். மெசேஜ் போட்டா பார்க்கறதுகூட இல்ல.”

பிரேக் சாருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம் கிளம்பியது. அதை அடக்கியிருக்கலாம். பிறத்தியார் காரில் எல்லாம் நேரத்துக்கு பிரேக் போட்டவருக்குத் தன் வாயில் போடத் தெரியவில்லை.

“உனக்கு ஏன் எடுக்கணும்? நான் கார்டைத் தேய்ச்ச உடனே கூப்பிடறான். எவ்வளவு நேரம் பேசினாலும் கேக்கறான். பெத்த புள்ளைக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசம் இல்லையா?”

தங்கை மாத்திரை டப்பாவை மேஜை மேல் வைத்தாள். பாதிதான் நிரம்பியிருந்தது.

“வாராவாரம் பஸ் ஏறி வந்து உன் துணியை மடிச்சு வெச்சுட்டுப் போறவ மத்தவ. போன்ல வர்றவன் சொந்தம். சரிண்ணே. மீதியை அவனே வந்து ரொப்பட்டும்.”

கட்டிலைத் தாண்டி அவள் கீழே இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அவர் கூப்பிடவில்லை.

மகன் வரவில்லை. வாசலில் எந்த வண்டி நின்றாலும் எட்டிப் பார்த்து, பிறகு எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். டாக்டரம்மாவின் தொல்லை தாங்காமல் கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தநாள் மாத்திரை வாங்கப் போனால் கார்டு வேலை செய்யவில்லை. ‘முடக்கப்பட்டது’ என்றது கருவி. இதற்குக் கட்டாயம் கூப்பிடுவான் என்று மருந்துக்கடை வாசலிலேயே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அடிக்கவில்லை.

வீட்டில் டப்பா நிறைய நோட்டு இருந்தது. ஒரு ரொட்டி வாங்க அது உதவவில்லை. டாக்டரம்மாதான் தன் போனில் கட்டி, ரொட்டியும் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தாள். “எல்லாரும் விஷயம் கேட்டாங்க சார், பொண்ணு ஓடிப்போயிட்டான்னு சொல்லிட்டேன். அதுதான் உங்களுக்கு மரியாதை” என்றாள். தங்கைக்கு போன் போட்டார். அவள் எடுக்கவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தபோது முதல்தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. வேலைக்கு நடுவில் அந்தப் பிள்ளையை எத்தனை தடவை இழுத்தடித்திருக்கிறோம். எத்தனை அபத்தத்தைப் பொறுமையாகக் கேட்டிருக்கிறான். போதும், இனி பாலும் ரொட்டியும்தான் என்று முடிவு செய்தார்.

பாங்கில் கவுண்டர் எதுவும் இல்லை. ஹோட்டல் வரவேற்பறை போல சோபாக்கள் கிடந்தன. கையில் பலகை மாதிரி ஒரு திரையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள். அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கார்டை வாங்கிப் பார்த்தாள்.

“பெரிய தொகை போயிட்டுத் திரும்பி வந்திருக்கு சார், அதான் சந்தேகப்பட்டுத் தானாவே நின்னுடுச்சு. அதோட சேர்ந்து போன் கால் எல்லாமே நின்னிருக்கும். இதோ, திறந்துடறேன்.”

“ரொம்ப தேங்க்ஸ்மா. உன்கிட்ட ஒரு உதவி கேக்கலாமா?”

“சொல்லுங்க சார்.”

“கார்டு நின்னுபோன சமாசாரம் என் பையனுக்குத் தெரிய வேண்டாம். பதறிப்போயிடுவான்.” பிரேக் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் எதை வாங்கினாலும் உடனே கூப்பிட்டு விசாரிப்பான்மா. எவ்வளவு வேலை இருந்தாலும் சரி, நான் பேசி முடிக்கிற வரைக்கும் போனை வைக்க மாட்டான். இந்தக் காலத்துல அப்படி ஒரு புள்ளை யாருக்கு இருக்கு சொல்லு.”

அந்தப் பெண் திரையில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளரிடம் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தாள்.

“பதற மாட்டார் சார், கூப்பிடறது அவரே இல்லையே, இந்தக் கார்டோட அவர் எடுத்திருக்கிற திட்டத்துல எங்க மிஷின்தான் அவர் குரல்ல உங்ககிட்ட பேசுது, இந்தக் குரல் அலுத்துப்போச்சுன்னா சொல்லுங்க, மகள் குரலும் இருக்கு.”