பத்துத் தோல்வியும் ஏழு அலுமினியத் தட்டும்

ஆல்டர் ஃபோர்க், நெப்ராஸ்கா
நவம்பர் 17, ஞாயிறு மாலை

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா லவானுக்கு,

தம்பி கேலன் எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரி மார்ஜீனும் உடம்பளவில் சுகம். என் முட்டி வலி பரவாயில்லை, மாடுகள் நன்றாக இருக்கின்றன, சோளம் அறுத்தாகிவிட்டது. அரிசோனாவில் உன் இடுப்பும் உன் பூனையும் சுகமாக இருக்கக் கர்த்தர் அருள்புரிவாராக. நல்ல செய்திகள் இத்தோடு முடிந்தன. இனி வருவதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தொலைபேசியில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நான்கு வரி பேசிவிடுவாய், அறுபது வருடப் பழக்கம். விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை உன் வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உன் மகன் டெரிக்கோடு இங்கே வந்து இருக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். ஊரே தன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது என்று அவன் சொன்னானாம். அக்கா, பேனாவை மூடி வை. கையெழுத்துப் போட்டால் உனக்கு அங்கே வீடு இருக்காது, உன் மகனுக்கு இங்கே வேலை இருக்காது.

நம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு டெரிக் தலைமைப் பயிற்சியாளனாக வந்தபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் இந்த ஊரில் யாருமில்லை, அது உனக்கே தெரியும். பழைய பயிற்சியாளர் முப்பத்தோரு வருடம் ஒரே ஒரு உத்தியை வைத்தே காலம் தள்ளினார்: இருப்பதிலேயே பருமனான பையனிடம் பந்தைக் கொடுப்பது, அவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக ஓடுவது, எதிரே வருகிறவன் விழுவது. அதெல்லாம் பழைய காலம் என்றான் உன் மகன். இனிமேல் மைதானத்தின் ஓரத்தில் நான்கு பேர் ஆளுயர அட்டைகளைத் தூக்கிப் பிடிப்பார்களாம், அட்டையில் படம் இருக்குமாம், உள்ளே நிற்பவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஆட வேண்டுமாம். சேவல் என்றால் பந்தை எறி, டிராக்டர் என்றால் இடப்பக்கம் ஓடு. முதல் ஆட்டத்திலேயே டிராக்டர் வந்தது. பச்சை டிராக்டர். நம் அணியில் பாதிப் பேர் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு டிராக்டர் ஓட்டும் வீட்டுப் பிள்ளைகள். “பச்சை வண்டிக்கெல்லாம் நான் ஓட மாட்டேன்டா” என்று ஒருத்தன் நின்றுவிட்டான், “உங்க வண்டி வருஷத்துல எத்தனை நாள் ஓடுது, கொட்டகையிலதானே கிடக்குது” என்று இன்னொருத்தன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டான், இவர்கள் பஞ்சாயத்து முடிவதற்குள் எதிரணிக்காரன் பந்தைப் பொறுக்கிக்கொண்டு போயே போய்விட்டான். நாற்பத்தெட்டுக்குப் பூஜ்யம். அடுத்த வாரம் டெரிக் அந்த டிராக்டருக்குப் பாதிச் சிவப்பும் பாதிப் பச்சையும் பூசிக் கொண்டுவந்தான். பாதிப் பேர் இடப்பக்கமும் பாதிப் பேர் வலப்பக்கமும் ஓடினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் நம் பையன் ஒருத்தன் பந்தோடு அறுபது கெஜம் ஓடினான். நான் எழுந்து நின்று கத்தினேன். அப்புறம்தான் அவன் நம் பக்கத்துக் கோட்டை நோக்கி ஓடுகிறான் என்று தெரிந்தது. இந்த வருடம் நம் அணி ஓடியதிலேயே நீளமான ஓட்டம் அதுதான், அக்கா. பழைய மாணவர்கள் திரண்டு வரும் அந்தப் பெரிய ஆட்டத்துக்கு எதிரணியின் ஒரு பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது, பாதி ஆட்டக்காரர்கள் வந்தே சேரவில்லை. இருக்கிற பாதியிடமே தோற்றோம். நேற்று கடைசி ஆட்டம். பத்துக்குப் பத்தும் தோல்வி.

தோற்ற மறுநாள் காலை தானியக் கிடங்கில் நாங்கள் கூடும் காப்பி மேஜைக்குப் போகவே எனக்குப் பிடிப்பதில்லை. வெளிப்படையாக ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் தாங்கவில்லை. டுவேனை உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்தில் உன் பின்னாலேயே சுற்றியவன். அவன் காப்பியை ஊதிக்கொண்டே ஆரம்பிப்பான்.

“கேலன், நேத்து பேண்டு வாத்தியம் பிரமாதம்யா.”

“ஆமாமா,” என்பான் இன்னொருத்தன். “மைதானத்துப் புல்லுகூட இந்த வருஷம் நல்லா பச்சப்பசேல்னு இருக்கு.”

“பாப்கார்ன்ல உப்பு சரியா இருந்துச்சுப்பா. அதைச் சொல்லியே ஆகணும்.”

இதைவிட மோசமாக ஒரு மனிதனைத் திட்ட நம் ஊரில் வார்த்தை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஒன்பதாவது தோல்விக்கு அப்புறம் டுவேன் வண்டி நிறுத்துமிடத்தைப் பாராட்டினான். நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிவாரிப்போட்டது சாப்பாடுதான். முதல் தோல்விக்கு மறுநாளே நம் ஊர்ப் பெண்கள், துக்கம் நடந்த வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல, டெரிக் வீட்டுக்குப் பதார்த்தங்களைக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். நூடுல்ஸும் கோழியும், கேரட் துருவல் போட்ட பச்சை ஜெல்லி, சீஸ் போட்டுச் சுட்ட சாவு வீட்டு உருளைக்கிழங்கு. எல்லாம் கண்ணாடிப் பாத்திரத்தில், அடியில் ஒட்டுநாடா, அதில் வீட்டுக்காரியின் பெயர். சாப்பிட்டுவிட்டுக் கழுவித் திருப்பிக் கொண்டுவா, வரும்போது உட்கார்ந்து பேசலாம், நீ இங்கே இருக்கப்போகிறவன் என்பதுதானே அதற்கு அர்த்தம்? ஆறாவது தோல்விக்கு அப்புறம், அக்கா, அலுமினியத் தட்டு வர ஆரம்பித்தது. கடையில் வாங்கிச் சாப்பிட்டதும் கசக்கி எறிகிற அந்த மெல்லிசுத் தட்டு. திருப்ப வேண்டாம், நீ எங்கே இருப்பாயோ என்று சொல்லும் தட்டு. பாஸ்டர் லிண்ட்கிரன் மாற்றலாகிப் போன வாரம் அவர் வீட்டுக்கு வந்தது அதுதான். உனக்குக் கல்யாணமாகி நீ அரிசோனாவுக்குப் புறப்பட்ட வாரம் நம் வீட்டுக்கு வந்ததும் அதுதான். எட்டாவது தோல்விக்கு அப்புறம் ஒரு கண்ணாடிப் பாத்திரம்கூட அவன் வாசலுக்கு வரவில்லை. இன்று காலை மார்ஜீன் பன்றித்தொடையைச் சுட்டாள். எதில் எடுத்துக்கொண்டு போனாள் தெரியுமா? சொந்தத் தாய்மாமன் பெண்டாட்டி!

உண்மையை அவனுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை என்று தோன்றியது. தேவாலயத்தில் ஆராதனை முடிந்து, மத்தியானம் நேராக அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறையில், வந்த தட்டுகளில் ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

“வாங்க மாமா! இன்னிக்கு மட்டும் ஏழு வந்திருக்கு, பாருங்க. பத்து ஆட்டம் தோத்தவனுக்கு யார் மாமா இப்படி ஊட்டி விடுவாங்க? நான் முன்னாடி இருந்த ஊர்ல தோத்தா முட்டைதான் வரும். அதுவும் பறந்து வரும்.”

“டெரிக், அந்தத் தட்டைக் கொஞ்சம் தூக்கி அடியில பாரு.”

“ஏன், ஓட்டையா?”

“பேர் எழுதியிருக்கா?”

“இல்லையே.”

“மத்ததையும் பாரு.”

ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் விளக்கம் சொல்லச் சொல்ல அது வடிந்துபோவதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியதாயிற்று. ஐம்பது மாட்டுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

“அப்போ ஸ்டான் சார் வீட்லேர்ந்து வந்தது?” ஸ்டான் ஊலிர்தான் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர், இவனை வேலைக்கு எடுத்தவர்.

“அதுவும் அலுமினியம்தானேப்பா.”

“மார்ஜீன் அத்தை குடுத்தது?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“அத்தையுமா மாமா?” என்று கேட்டான். அந்தக் குரலை நீ கேட்டிருக்கக் கூடாது. ஆறு வயதில் நம் கொட்டகையில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டானே, அன்றைக்குக் கேட்ட அதே குரல்.

அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தான். “கழுத்தைப் பிடிச்சுத் தள்ளற வரைக்கும் உக்காந்திருக்கிறவன் இல்ல நான். நானே போயிடறேன். ராஜினாமாவை எப்படிக் குடுக்கறது?” என்றான். ராஜினாமாக் கடிதத்தை அங்கேயே எழுதினான். ஸ்டானின் மனைவி ஃபிலிஸ் செப்டம்பரில் கொடுத்த பாத்திரம் இருந்தால் அதையும் கையோடு திருப்பிக் கொடுத்துவிடு, கணக்குத் தீர்ந்தமாதிரி இருக்கும் என்றேன். கராஜைத் திறந்தான். சுவர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாத்திரங்கள், கழுவித் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறான், நாற்பத்து மூன்று. ஊர்க்காரர்கள் கொடுத்த பரிசென்று நினைத்தானாம், உனக்குக் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்தானாம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் வழக்கமல்லவா, வேறு எதுவும் கைக்குக் கிடைக்காததால் கடிதத்தையே அதற்குள் வைத்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி மூடி, ஸ்டான் வீட்டுப் பின்கதவுப் படியில் வைத்துவிட்டு வந்தான். அவர்கள் வீட்டில் இல்லை.

ஆக, முடிந்தது. கௌரவமாக முடிந்தது, அதற்கு நான் ஒரு காரணம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நீ உன் வீட்டை விற்காதே. டெரிக் அங்கே வருவான், ஓர் அறையை ஒழித்து வை. அட்டைகளைக் கொண்டுவர விடாதே.

உன் இடுப்புக்குப் பலமும் உன் பூனைக்கு நீண்ட ஆயுளும் உனக்கு இந்தச் செய்தியைத் தாங்கும் மனமும் கர்த்தர் தருவாராக. மார்ஜீன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் பிரியமுள்ள தம்பி,
கேலன்

பின்குறிப்பு (திங்கள்): மேலே எழுதியது அத்தனையும் தப்பு. தபாலில் போடுமுன் மார்ஜீன் வழக்கம்போலக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். நாற்பது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“ஏங்க, கராஜ்ல நாப்பத்து மூணு பாத்திரம்னு நீங்களே உங்க கையால எழுதியிருக்கீங்க. அதுல நாலு என்னோடது. ஊர்ல ஒருத்தி வீட்லயும் கண்ணாடிப் பாத்திரம் இல்ல. நன்றித் திருநாளுக்குப் பத்து நாள்தான் இருக்கு, எதுல சமைக்கறதுன்னு எல்லாரும் முழிச்சுக்கிட்டிருக்கோம். அலுமினியத் தட்டுல குடுக்காம, மடியிலயா ஏந்திக்கிட்டுப் போறது?”

“அப்போ அவனைப் போகச் சொல்லி...”

“யார் சொன்னா? தோக்கறான்னு கோவம் இருக்கு. பாத்திரத்தைத் திருப்பலைன்னு அதைவிடக் கோவம் இருக்கு. ஆனா ஸ்டான் எப்படி அவனை அனுப்புவாரு? போன வருஷம் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டதே அவன் ஒருத்தன்தான்! நீங்க போயி நல்லா இருந்த பையனை ராஜினாமா பண்ண வெச்சிட்டு வந்திருக்கீங்க!”

அக்கா, சாப்பிட்ட பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுகூடவா பெற்ற பிள்ளைக்கு நீ சொல்லித் தரவில்லை? இது மார்ஜீன் கேட்கச் சொன்ன கேள்வி, நான் கேட்கவில்லை.

இன்னொரு பின்குறிப்பு (செவ்வாய்): ஸ்டானின் காலில் விழுவதற்காக இன்று காலை போனேன். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறன்று வீடு திரும்பிய ஃபிலிஸ், யாரோ சாப்பாடு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, மூடிய தாளைத் திறக்காமலே பாத்திரத்தை அப்படியே ஓவனுக்குள் வைத்துவிட்டாளாம். ஒரு மணி நேரம். வெளியே எடுத்தபோது கடிதம் அப்பளமாக இருந்திருக்கிறது, தொட்டதும் பொடிந்துவிட்டது. ‘உங்கள் அன்புக்கு மிக்க நன்றி’ என்ற முதல் வரி மட்டும்தான் மிச்சம். “முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன் கேலன், பாத்திரத்தைத் திருப்பி, நன்றின்னு கைப்பட எழுதியும் வெச்ச கோச் எந்த விளையாட்டுலயும் ஒருத்தன் கிடையாதுய்யா” என்று ஸ்டான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு வருடம் டெரிக்தானாம். இரண்டு வருடம், அக்கா! இருபது ஆட்டம்! நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மீதி நாற்பத்திரண்டு பாத்திரத்தையும் மத்தியானம் நானும் அவனும் என் வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தோம், ஒவ்வொன்றிலும் நம் மாட்டுப் பாலில் மார்ஜீன் எடுத்த வெண்ணெய் ஓர் உருண்டை வைத்து. சற்றுமுன் டெரிக் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“மாமா, வாசல்ல இப்பவே அஞ்சு கண்ணாடிப் பாத்திரம் வந்து இறங்கியிருக்கு. அடியில பேரு இருக்கு. இதுக்கு என்ன மாமா அர்த்தம்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. உங்க அம்மா வந்து சொல்லுவா” என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்கா, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பு.