ஒரு போல்ட்டு மிச்சம்

கார் வைத்திருப்பவர்களை உங்களுக்குத் தெரியும். காரைக் கழற்றி வைத்திருப்பவர்களைத் தெரியுமா? தெரியாது என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். நகக்கண்ணில் கறுப்பு, சட்டைப் பையில் ஸ்பேனர், முகத்தில் பெண்டாட்டியை இப்போதுதான் பிரசவ அறைக்குள் அனுப்பிவிட்டு வந்தவரைப் போல ஒரு கவலை. “கார் எப்ப சார் ஓடும்?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால், “முடிஞ்ச மாதிரிதாங்க, இன்னும் கொஞ்சந்தான் பாக்கி” என்பார். அந்தக் கொஞ்சம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

எஞ்சின்.

இந்த இனத்தைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்றால், நான் பெண் கொடுத்த வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. என் சம்பந்தி. தங்கமான மனுஷன். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். கல்யாணம் பேசப் போனபோது மாப்பிள்ளையின் வேலை, குணம், நடத்தை எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரித்த நான், அந்த வீட்டுக் கார் ஷெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் விசாரிக்கவில்லை. யாருக்குத் தோன்றும்?

உள்ளே இருந்தது ஒரு பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்த உடம்பு, தவளை மாதிரி இரண்டு முழிக் கண்ணு விளக்கு. ஒரு காலத்தில் அம்பாய்ப் பறந்ததாம். நான் முதலில் பார்த்தபோது நாலு மரக்கட்டைகளின் மேல் சக்கரம் இல்லாமல், கதவு இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எனக்குத் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருந்தது. அவரோ அதன் மேல் பாதி மூடியிருந்த போர்வையைக் கல்யாணப் பெண்ணின் முகத்திரையை விலக்குகிற மாதிரி மெதுவாக விலக்கி, “எப்படி இருக்கா?” என்றார்.

ஆமாம், “இருக்கா.” இவர்கள் காரைக் கார் என்று சொல்லமாட்டார்கள். அவள், இவள், குட்டி, செல்லம். பெண்டாட்டி தும்மினால் திரும்பிப் பார்க்காதவர், கார்புரேட்டர் கொஞ்சம் இருமினால் துண்டை நனைத்துக்கொண்டு ஓடுவார்.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன். ஷெட்டில் கார் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? பாதிதான் இருக்கும். மீதி வீடு முழுக்க இருக்கும். சம்பந்தி வீட்டில் கட்டிலுக்கு அடியில் பம்பர், அலமாரியில் புடவைகளுக்கு நடுவே ஒரு கதவு, கூடத்துச் சுவரில் மற்றவர்கள் வீட்டில் சாமி படம் மாட்டுகிற இடத்தில் ஸ்டியரிங். பல் தேய்க்கிற பிரஷ் எல்லாம் ஷெட்டுக்குப் போய்விட்டதால் வீட்டில் நாலு பேர் விரலால் பல் தேய்த்தார்கள்; கியர் பாக்ஸுக்குப் பல் பளபளவென்று இருந்தது. ஒருநாள் அடுப்பில் என்னமோ கொதிக்கிறதே என்று நான் மூடியைத் திறந்து, கரண்டியால் கிண்டியும் பார்த்துவிட்டேன். வால்வு!

“சம்பந்தி, கை வைக்காதீங்க, இன்னும் வேகல” என்றார்.

கழற்றியதை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஒவ்வொரு டப்பாவின் மேலும் எழுதி வைத்திருப்பார். ‘முக்கியம்.’ ‘ரொம்ப முக்கியம்.’ ‘என்னன்னு தெரியல, ஆனா முக்கியம்.’ பிஸ்கட்டு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

நான் தையல்காரன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்: ஒரு சட்டையைப் பிரித்தால் மறுபடி சேர்த்துத் தைத்து, போட்டுக்கொண்டு போகிற மாதிரி கொடுக்க வேண்டும். பிரித்த கையை அழகு பார்த்துக்கொண்டு, பித்தானைப் பஞ்சால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சட்டைக்காரர் வெறும் உடம்போடு வாசலில் நிற்பார் இல்லையா? இதை ஒருமுறை அவரிடமே சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப நீங்களே சீட்டு ரெண்டையும் தைச்சுக் கொடுத்துடுங்க சம்பந்தி” என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். தைத்துக் கொடுத்தேன். உள்ளே நல்ல பஞ்சு, மேலே தோல், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். அந்தக் காரில் முதன்முதலாக முழுசாய் முடிந்தது அந்த இரண்டு சீட்டுதான் என்பதை இங்கே அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

இப்படியே போயிருக்கும். என் மகள் உண்டானாள்.

செய்தி கேட்டதும் எல்லாரும் அழுதோம், சிரித்தோம். சம்பந்தி மட்டும் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஆஸ்பத்திரியிலேருந்து என் பேரப்புள்ள இந்த வீட்டுக்கு வர்றதுன்னா நம்ம கார்லதான் வரும்” என்று அறிவித்தார்.

“மாமா, அதுல ரெண்டு சீட்டுதானே? நீங்க ஓட்டுவீங்க, பாப்பா இருக்கும். நான் எதுல வர்றது?” என்றாள் என் மகள்.

அவர் யோசித்தார். ரொம்ப நேரம், நியாயமாக யோசித்தார். “நீ பாப்பாவ மடியில வச்சுக்கிட்டு வா. நான் வேணா ஓட்டாம நடந்து வந்துடறேன்” என்றார்.

அப்போதுதான் சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காரைத் துணி காயப்போட மட்டுமே பயன்படுத்திய அம்மா அவர்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. பாப்பா இந்தக் கார்ல வந்தா சரி. இல்லன்னு வச்சுக்குங்க, பழைய இரும்புக் கடைக்காரர கூப்பிட்டு, நானே இந்தப் பக்கம் புடிச்சுத் தூக்கி விடுவேன். ஷெட்டுல பாப்பாவுக்குத் துணி காயப்போட நாலு கொடி கட்டணும் எனக்கு.”

சம்பந்தி முகம் டயரில் காற்று இறங்கின மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ரோஷம் வந்துவிட்டது பாருங்கள்! மனுஷன் அன்றைக்கே ஷெட்டுக்குள் போனவர்தான். என் மகளுக்கு வயிறு வளர வளர அந்தக் காரும் வளர்ந்தது. அவளுக்குக் குமட்டல் நின்றபோது காருக்குக் கதவு வந்தது. அவளுக்குக் கால் வீங்கியபோது காருக்குச் சக்கரம் வந்தது. என்னைப் பிடித்து டார்ச்சு காட்ட நிறுத்திவிட்டார். இந்த இனத்தாருக்கு டார்ச்சு காட்டுவது எவ்வளவு கேவலமான வேலை என்று காட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

“இங்க காட்டுங்க சம்பந்தி.”

“இங்கயா?”

“அங்க இல்ல, இங்க.”

“இங்கதான காட்டறேன்!”

“நீங்க உங்களுக்குத் தெரியற இடத்துல காட்டறீங்க. எனக்குத் தெரியாத இடத்துல காட்டுங்க.”

பேத்தி பிறந்தாள். ரோஜாப்பூ மாதிரி என்று சொல்வார்கள். ரோஜாப்பூவுக்கு அவ்வளவு அழகாகக் கொட்டாவி விடத் தெரியுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நான் என் போனில் அவள் படத்தைக் காட்டினேன். சம்பந்தியும் காட்டினார். நர்ஸம்மா பார்த்துவிட்டு, “இது என்ன சார்?” என்றார். “ரேடியேட்டர். சுத்தமா அடைப்பே இல்ல” என்றார் இவர். பாவம் அந்த நர்ஸம்மா, “நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் மாப்பிள்ளை, தன் மகளுக்கு ஒரு மரத்தொட்டில் வாங்கி வந்தார். பெட்டியில் பலகை பலகையாக வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும் என்கிற ரகம். கூடத்தில் இடம் போதவில்லை என்று ஷெட்டில், காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பூட்டி முடித்து உள்ளே தூக்கிப் போனார். அப்பாவுக்கு மகன் தப்பாமல் பிறந்திருந்தால் அந்தத் தொட்டில் இன்னும் ஷெட்டில்தான் இருந்திருக்கும். நல்லவேளை, அவர் அம்மாவைக் கொண்டு பிறந்தவர்.

மறுநாள் பாப்பா வீட்டுக்கு வர வேண்டும். முந்தின நாள் சாயங்காலம், என் காதால் கேட்டேன், அந்தக் கார் உயிர் பெற்றது! முதலில் ஒரு இருமல். அப்புறம் ஒரு ஏப்பம். அப்புறம், எத்தனையோ வருஷமாகப் பேசாமல் இருந்தவர் ஒரேயடியாகத் திட்ட ஆரம்பித்த மாதிரி ஒரு உறுமல். தெருவே திரண்டு வந்துவிட்டது. சம்பந்தியம்மா கையில் மாவோடு ஓடி வந்து, “அடேங்கப்பா, ஓடுதே!” என்று அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். சம்பந்தி கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும்தான், புகை.

ஊரெல்லாம் கலைந்த பிறகு சம்பந்தி ஷெட்டைப் பெருக்கினார். பெருக்கியிருக்கவே கூடாது. துடைப்பத்து நுனியில் கிணுக் என்று ஒரு சத்தம். குனிந்து எடுத்தார்.

ஒரு போல்ட்டு.

சுண்டு விரல் நீளம். புத்தம் புதிசாய்ப் பளபளவென்று இருந்தது.

“சம்பந்தி, ஒரு போல்ட்டு மிச்சம்.”

“மிச்சந்தான? இருக்கட்டும். எங்கிட்ட ஒவ்வொரு சட்டைக்கும் துணி மிச்சம் விழும்.”

“நீங்க புரியாம பேசறீங்க. கையில ஒரு போல்ட்டு இருக்குன்னா கார்ல ஒரு ஓட்டை காலியா இருக்குன்னு அர்த்தம். அது ஸ்டியரிங்குல இருந்தா? பிரேக்குல இருந்தா? என் பேத்தி உக்காரப்போற கார் சம்பந்தி இது!”

“வேற எதுலருந்தாச்சும் விழுந்திருக்குமோ?”

“இந்த ஷெட்டுல காரத் தவிர வேற என்ன இருக்கு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தொட்டில் வந்த காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் கேட்டார். நானும் அந்தப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “அதுவுஞ் சரிதான்” என்றேன்.

இங்கேதான் இந்த இனத்துக்கும் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம். நாம் என்ன செய்வோம்? போல்ட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம். அவர் பானெட்டைத் திறந்தார். ஓட்டையைத் தேடி விசிறியைக் கழற்றினார், விசிறிக்குப் பின்னால் தெரியவில்லை என்று ரேடியேட்டரைக் கழற்றினார், ரேடியேட்டர் போன பிறகு எஞ்சின் தனியாக நிற்பது பார்க்கப் பாவமாக இருக்கிறது என்றோ என்னமோ அதையும் கழற்றினார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரத்தில் நான் போய்ப் பார்க்கிறேன்: நாலு மரக்கட்டை, அதன் மேல் வாயைத் திறந்த கார். நடுவில் அவர், கையில் அந்த ஒரே போல்ட்டு.

“இன்னும் கொஞ்சந்தான் பாக்கி” என்றார்.

பாப்பா டாக்ஸியில் வந்தாள். சம்பந்தியம்மா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் போனை எடுத்து இரும்புக் கடைக்காரரோடு மட்டும் பேசினார். சம்பந்தி காது கேட்காதவர் மாதிரி பேத்தியை வாங்கிப் போய்ப் புதுத் தொட்டிலில் கிடத்தினார்.

தொட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“அய்யோ, ஆடுது மாமா!” என்று என் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார். கால் பலகையில் ஒரு ஓட்டை. காலி. அவர் நிமிர்ந்து புருஷனைப் பார்க்க, புருஷன் மகனைப் பார்க்க, மகன் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை. சம்பந்தி சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்து ஓட்டையில் வைத்துத் திருகினார். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. தொட்டில் கல்லு மாதிரி நின்றது.

யாராவது பேச வேண்டுமே. சம்பந்திதான் பேசினார்: “நான் அப்பவே சொல்லல? எங்கயோ ஒரு ஓட்டை காலியா இருக்குன்னு?”

மறுநாள் காலையில் இரும்புக் கடைக்காரர் தள்ளுவண்டியும் இரண்டு ஆளுமாக வந்துவிட்டார். வீட்டுக்குள் பாப்பா விடிந்ததிலிருந்து அழுகை. வயிறு நிறையப் பால் குடித்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, ஆடாத தொட்டிலில் போட்டால் வீறிடுகிறாள். தோளில் போட்டால் வீறிடுகிறாள். வாசலில் சம்பந்தியம்மா, “தூக்குங்கய்யா!” என்கிறார். எனக்கு இரண்டு பக்கத்துச் சத்தமும் தாங்கவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போய், நான் தைத்த சீட்டில், சும்மா உட்கார்ந்தேன். சம்பந்தி பக்கத்துச் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியாக ஒருதரம் என்று நினைத்தாரோ என்னமோ, வாயாலேயே மெதுவாக, “டுர்ர்ர்ர்ர்…” என்றார்.

அழுகை நின்றது.

“டுர்ர்ர்ர்ர்…”

பாப்பா கொட்டாவி விட்டாள். சம்பந்தி கியர் மாற்றினார், வாயால்தான். வளைவில் திரும்பினார், நானும் பிள்ளையோடு சாய்ந்தேன். அவள் தூங்கிப்போனாள்.

“அந்தப் பக்கம் புடிங்கய்யா” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த சம்பந்தியம்மா அப்படியே நின்றார். எங்களைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். திரும்பி இரும்புக் கடைக்காரரிடம் கிசுகிசுத்தார்: “சத்தம் போடாதீங்க, கொழந்த தூங்குது. கெளம்புங்க, அப்புறமா சொல்லி அனுப்பறேன்.” அப்புறம் புருஷனைப் பார்த்து, “ஏன் நிறுத்திட்டீங்க? ஓட்டுங்க!” என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கார் தினமும் ஓடுகிறது. எஞ்சின் டப்பாக்களில் இருக்கிறது. மத்தியானத்தில் சம்பந்தியம்மாவே ஓட்டுகிறார்; வளைவில் கொஞ்சம் வேகம்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம்தான் பழைய கார் இல்லையே. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேஜை டிராயரில், செத்த பேட்டரிக்கும் எதைத் திறக்கும் என்று தெரியாத சாவிக்கும் பக்கத்தில், தூக்கிப் போட மனசு வராமல் ஒரு போல்ட்டு வைத்திருக்கிறீர்களே, அது எதில் இருந்தது?

பதறி எழுந்து எதையும் கழற்றிவிடாதீர்கள். மெதுவாக, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் அசைந்து பாருங்கள்.

உட்கார்ந்திருக்கும் நாற்காலி லேசாக ஆடவில்லையே?