குழாய்க்கு வெந்நீர் வார்த்தது ஏன்

டாட்மார்டன்,
புதன் இரவு.

அன்புள்ள அத்தைக்கு,

ரோவன் எழுதுகிறேன். இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கள். மேபிள் இப்போதுதான் தூங்கினாள். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது; நினைவு மட்டும்தான் இருக்கிறது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? இந்த வாரம் ஸ்கார்பரோவில் கடல்காற்று ஆளைத் தூக்கியிருக்குமே. உங்கள் பிள்ளை கேலம் கப்பல் வேலையில் நலம். மூன்று வேளையும் உருளைக்கிழங்கு வறுவல் போடுகிறார்களாம், அதனால் மிகவும் நலம். நானும் மேபிளும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தை நிரூபிக்கத்தான் மீதிக் கடிதம்.

வினிஃப்ரெட் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னது உண்மை. பின்சந்துக்கு எதிர்வீட்டிலிருந்து, சமையலறைச் சன்னலோரம் நின்று அவர் பார்த்தது என்னைத்தான். திங்கட்கிழமை விடியற்காலையில் நைட்டிக்கு மேல் கேலமின் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மேபிளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பூவாளியால் கொல்லைச் சுவரிலிருக்கும் குழாய்க்கு வெந்நீர் ஊற்றியபடி பாடிக்கொண்டிருந்தேன். "உன் மருமக செடிக்கு ஊத்தற மாதிரி குழாய்க்கு ஊத்துறா, பாட்டு வேற" என்று அவர் உங்களிடம் சொன்னாராம். பிறகு என்னிடமே வந்து, சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அன்று மாலையே உங்கள் குரல் பதிவு வந்தது: "சனிக்கிழம கார எடுத்துட்டு வரேன் கண்ணு. பெட்டியக் கட்டி வை. குளிர் போறவரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான்." கேலம் கிளம்பிய அன்று நாம் பேசிக்கொண்டது அப்படித்தான், மறுக்கவில்லை. என்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் குளிர்காலம் முழுக்க உங்கள் வீடு, முடிந்தால் என் வீடு. எனக்கு என் வீட்டில் இருக்கவேண்டும் அத்தை. தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் "என்னடா தங்கம்" என்பீர்கள், நான் அழுதுவிடுவேன், நீங்கள் சனிக்கிழமை வரை பொறுக்காமல் கிளம்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். நடந்தது பைத்தியம் அல்ல, பாய்லர்.

குளிர் வருவதற்குள் வீட்டைச் சூடாக்கும் பாய்லரை ஆள் விட்டுப் பார்த்துவிடு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நானும் உடனே கம்பெனிக்குச் சொன்னேன், போன வியாழக்கிழமை ஓக்டன் என்பவர் சர்வீஸுக்கு வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும், உங்களுக்கே தெரியுமே, வேற்று மனிதர் வீட்டுக்குள் வந்தால் நமக்கு என்ன ஆகும் என்று. முதல் நாள் முழுக்க அடுப்புக்குப் பின்னால், படிக்கட்டுக்குக் கீழே, கொல்லையில்கூட, அவர் எட்டிப்பார்க்கவே முடியாத இடத்தையெல்லாம் சுத்தம் செய்தேன். நல்ல மனிதர். பாய்லரைப் பிரித்து, ஊதி, துடைத்து, மூடி, "சத்தம் நல்லா இருக்கும்மா. இது உங்க பொண்ணு பள்ளிக்கூடம் போறவரைக்கும் ஓடும்" என்றார். நான் டீயும் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பிஸ்கட்டும் கொடுத்தேன். அவர் போனதும் சர்வீஸ் எப்படி என்று கைபேசியில் கேள்வி வந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு, 'என் வாழ்நாளில் கண்ட மிகச் சிறந்த சர்வீஸ்' என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் கண்டது அந்த ஒரு சர்வீஸ்தான் என்பதை எழுதவில்லை.

ஞாயிறு இரவு உறைபனி விழுந்தது. நடுநிசிக்கு மேல் பாய்லர் பசித்த வயிறு மாதிரி களகளவென்று சத்தம் போட்டு, தன் சின்னத் திரையில் ஒரு எழுத்தையும் இரண்டு எண்ணையும் காட்டிவிட்டு நின்றுபோனது. பொத்தானை அழுத்தினேன், ஓடியது, நின்றது. மறுபடி அழுத்தினேன், ஓடாமலே நின்றது. மேபிளின் அறையில் குளிருக்குத் தக்கபடி நிறம் மாறும் அந்த முட்டை விளக்கு மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போனது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பார்ப்பதால் அது இன்னும் நீலமாகிறதோ என்றுகூடத் தோன்றிற்று. நீங்கள் பின்னி அனுப்பிய எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டதில் மேபிளுக்குக் கையை மடக்க முடியவில்லை, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னைக் கோபமாகப் பார்த்தாள். ஓவனைத் திறந்து வைக்கலாமா என்று நினைத்தேன், அது ஆபத்து என்று படித்தேன், அப்படி நினைத்ததற்காகவே ரொம்ப நேரம் பயந்தேன். ஓக்டன் எதையோ உடைத்துவிட்டார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லும் பாட்டெல்லாம் முடிந்து ஒரு பெண் லைனில் வந்தாள்.

"உங்க பாய்லர வியாழக்கிழமைதான் பாத்திருக்காங்களே மேடம்."

"ஆமா. அதனாலதான் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். மன்னிச்சுக்குங்க."

"ஆனா 'வாழ்நாளில் கண்ட மிகச் சிறந்த சர்வீஸ்'னு எழுதியிருக்கீங்க."

"அது ஒரு மரியாதைக்கு."

"அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கீங்க."

"நம்ம வீட்டு பிஸ்கட்ட சாப்பிட்டவருக்கு எப்படிங்க நாலு போடறது?"

அவள் தேதிகளைப் புரட்டினாள். பிறகு வியாழன்தான் ஆள் வரமுடியும் என்றாள். ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது என்றேன். அப்படியானால் புதன் என்றாள். நான் நன்றி சொன்னேன். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருக்கிறது, அப்போதும் மூன்று முறை நன்றி சொன்னேன்.

விடியும் நேரத்தில் கேலம் கூப்பிட்டார். பாதிப் பேச்சைக் கடல் விழுங்கிவிட்டது. நான் ஓக்டனைத் திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொல்லைச் சுவத்துல வெள்ளையா ஒரு குழாய் இருக்கே, பாய்லர் தண்ணி வடியற குழாய், அதுல சுத்தி வச்சது அப்படியே இருக்குல்ல?" என்றார்.

நான் மேபிளின் தொப்பியைச் சரிசெய்தேன்.

"ரோவன்?"

"சர்வீஸ்காரர் வர்றாரேன்னு சுத்தம் பண்ணேன்."

"வீட்டுக்கு வெளிய இருக்கற குழாயையா?"

"அவர் வெளிய வந்தா பாப்பாரில்ல? கந்தலும் கயிறுமா அசிங்கமா தொங்குச்சு. குப்பைத் தொட்டியில போட்டுட்டேன்."

"அந்தக் கந்தலாலதான் ரெண்டு குளிர்காலம் அது உறையாம இருந்துச்சு. இப்ப உள்ள பனிக்கட்டி அடைச்சிருக்கும். நீ காலேஜ்ல என்ன படிச்ச?"

பனிப்பாறைகள் பற்றித்தான் படித்தேன் அத்தை. அதில் ஆய்வுக்கட்டுரையே எழுதியிருக்கிறேன். அவருக்கும் அது தெரியும், அதனால்தான் கேட்டார். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் தேடித்தேடிக் கிடைக்காமல் போன ரோஜா நிறக் குளியல் அங்கி இருக்கிறதே, ரயிலில் விட்டிருப்பீர்கள் என்று கேலம் சொன்னாரே, அந்தக் கந்தல் அதுதான். கிழித்துச் சுற்றியது உங்கள் பிள்ளை. அதை எடுத்து எறிந்தது மட்டுமே நான்.

கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும், கை பொறுக்கும் சூட்டில் மெதுவாக ஊற்று என்றார். ஊற்றினேன். மேபிள் அழுதால் தெருவே எழுந்துவிடும் என்று பாடினேன். பாட்டுக்கு அவள் எழவில்லை, தெரு எழுந்தது. கடைசியில் குழாய் ஒரு தரம் விக்கிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. உள்ளே ஓடி வந்து பொத்தானை அழுத்தினேன், பாய்லர் இருமிவிட்டுப் பற்றிக்கொண்டது. நான் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தேன். இதை வினிஃப்ரெட் பார்க்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

ஆள் வேண்டாம் என்று சொல்ல இரண்டு நாளும் கம்பெனிக்குப் போன் போட்டேன், பாட்டைத் தாண்டிப் போகமுடியவில்லை. இன்று காலை ஓக்டன் வாசலில் நின்றார், முகமே சரியில்லை. "குழந்த இருக்கற வீடு, நான் எதையோ சரியா மூடாம போயிட்டேன் போலருக்கு, நேத்து சாப்பாடே எறங்கலம்மா" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. உண்மையைச் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று பார்த்தால், "இல்லம்மா, நான் வெளிய வந்து அந்தக் குழாயயும் பாத்திருக்கணும். மழைன்னு சோம்பிட்டேன்" என்கிறார். நான் கழட்டியிருக்கக்கூடாது என்றேன். தான் கேட்டிருக்கவேண்டும் என்றார். மேலே மேலே டீயை நீட்டி அவரைக் கேட்கவிடாமல் செய்தது நான்தான் என்றேன். டீயை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லாதது தன் தப்பு என்றார். விட்டால் இருட்டும்வரை போயிருக்கும். நல்லவேளை, அவர் தூக்கிவைத்திருந்த மேபிள் அவர் தோளில் பாலைக் கக்கினாள். துடைப்பதற்கு ஒன்று கிடைத்ததில் இரண்டு பேருக்கும் நிம்மதி. பிறகு அவரே வண்டியிலிருந்து தடித்த நுரை உறை கொண்டுவந்து குழாய்க்கு முழுநீளம் மாட்டிவிட்டுப் போனார்.

ஆக, வீடு கதகதப்பாக இருக்கிறது. குழாய் உறைந்தது, நான் உருக்கினேன், இனி உறையாது. இதைச் சமாளித்தது என்று சொல்லலாம்தானே? சனிக்கிழமை நீங்கள் அந்த மலைச்சாலையில் அவ்வளவு தூரம் காரோட்டி வரவேண்டாம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். மேபிள் உங்களுக்குத் தன் கால் கட்டைவிரலைக் காட்டச் சொன்னாள், இப்போதெல்லாம் விருந்தாளிக்கு அவள் கொடுப்பது அதுதான். உங்கள் வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்
ரோவன்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டிவிட்டு மறுபடி கிழித்தேன். மேலே எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, சமாளிக்கிறேன் என்பதைத் தவிர. பாய்லர் ஒழுங்காக ஓடுகிறது. மேபிள் அசையாமல் தூங்குகிறாள். நான்தான் படிக்கட்டில் உட்கார்ந்து அது நிற்கிறதா, இவள் மூச்சு வருகிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உறைபனிக்கு முந்திய இரவுகளிலும் இப்படித்தான் இருந்தேன், அதற்கு பாய்லர் மேல் பழி போடமுடியாது. இன்று ஓக்டன் கிளம்பும்போது அவரை இன்னும் கொஞ்சம் நிறுத்திவைக்க என்ன கேட்கலாம் என்று யோசித்து, சமையலறைக் கதவு ஏன் கிரீச்சிடுகிறது என்று கேட்டேன். பாவம், அதற்கும் எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வாருங்கள் அத்தை. நான் பெட்டி கட்டவில்லை, கட்டவும் மாட்டேன். நீங்கள் கட்டிக்கொண்டு வாருங்கள். முன்னறையில் உங்களுக்குப் படுக்கை போட்டு வைக்கிறேன். ஒரு இரவு, ஒரே ஒரு இரவு, அவள் மூச்சை நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள், நான் தூங்குகிறேன். அதற்கப்புறம் எத்தனை நாள் என்பது உங்கள் இஷ்டம். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உங்கள் கையில் இருக்கும். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.