இரண்டு எஞ்சினும் ஒரு மேடும்

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

உன் அக்காவை மணந்தவன் நலம் கூறி எழுதுவது. இவ்விடம் நானும் உன் அக்காவும் சௌக்கியம். டிரெய்லரும் அதன் மேல் நாம் வாடகைக்கு விடும் நான்கு கழிப்பறைகளும் சௌக்கியம். அவ்விடம் நீயும், உன் இல்லத்தாரும், உன் பழைய வண்டி வியாபாரமும் குறைவின்றி இருப்பீர்களென நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. எழுதி, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டால் போட்டதுதான்.

விஷயம் நீ விட்டுச்சென்ற இரண்டு பிக்கப் வண்டிகளைப் பற்றியது. நம் பழைய வண்டி கொஞ்ச காலமாகவே டீசலை அளவுக்கு மீறிக் குடிக்கிறது, மேட்டில் திணறுகிறது என்று நான் உன்னிடம் முறையிட்டதும், நீ பானட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் “எஞ்சின் களைச்சுப் போச்சு மாமா” என்று தீர்ப்புச் சொன்னதும், நீலநிற டீசல் ஒன்றையும் வெள்ளைநிற டர்போ பெட்ரோல் ஒன்றையும் வாசலில் நிறுத்தி, “ரெண்டையும் ஓட்டிப் பாருங்க, பிடிச்சதை வெச்சுக்கிட்டு மத்ததை அனுப்புங்க” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனதும் உனக்கு நினைவிருக்கும். அந்த ஒப்பீட்டின் முடிவைத் தெரிவிக்கவே இக்கடிதம். முடிவை மட்டும் எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்பதால் நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நம் தொழிலின் தன்மையை நீ மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கல் ஏற்றுகிறவன், மரம் ஏற்றுகிறவன், மாடு ஏற்றுகிறவன் எல்லோரும் போகும்போது கனமாகப் போய், இறக்கிவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு காலியாக வருகிறார்கள். நமக்கு அப்படியே தலைகீழ். விளையாட்டு மைதானத்துக்கும் கட்டட வேலை நடக்கிற இடத்துக்கும் காலி டிரெய்லரோடு ஜாலியாகப் போகிறோம். ஜனங்கள் வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்சம் பங்களிக்கிறார்கள். சாயங்காலம் அடித்தொட்டி நிறைந்தபின் கழிவுநீர் நிலையம் இருக்கிற மேட்டில் அத்தனையையும் இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். அதுவும் சும்மா கிடக்கிற சுமையா? நாம் பிரேக் போட்டால் அது போடாது. நாம் நின்ற பிறகும் அது மட்டும் முன்னே வந்து நம்ம முதுகில் ஒரு தள்ளு தள்ளும். இத்தனை வருஷம் இதையே பண்ணினதுல எனக்குத் தோணறது என்னன்னா, மனுஷனுக்குத் தன்னோட கனத்தை யாராவது எடுத்துக்கிட்டுப் போயிட்டா போதும். யாரு, எதுல, எந்த மேட்டுல இழுத்துக்கிட்டுப் போறாங்கன்னு யாரும் கேக்கறதே இல்ல. கேக்கவும் வேண்டாம், அது வேற விஷயம்.

இந்தத் தள்ளைத் தாங்கணும்னா டீசல்தான்னு நான். எஞ்சின் மெதுவா சுத்தும்போதே இழுக்கும், அவசரப்படாது, மிரட்டினா மிரளாது. உன் அக்கா பெட்ரோல் கட்சி. சத்தமில்லாம ஓடுது, பக்கத்து சீட்டுல உக்காந்து பார்ட்டிங்ககிட்ட போன்ல பேசலாம், டீசல்ல உக்காந்து “எத்தனை பேருக்கு வேணும்”னு கேட்டா அந்தப் பக்கம் “கத்தாதீங்க”ங்கறாங்களாம். சரி, வாய்ச்சண்டை எதுக்கு, கணக்கா சோதிச்சுப் பார்த்துடுவோம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். அடித்தொட்டி நிறைய தண்ணி (சத்தியமா நல்ல தண்ணிதான்), அதே டிரெய்லர், அதே மேடு. பங்க்ல கழுத்து வரைக்கும் நிரப்பிக்கிட்டுக் கிளம்பணும், ஏறி இறங்கி அதே பங்க்குக்கு வந்து மறுபடி கழுத்து வரைக்கும் நிரப்பணும். எவ்வளவு பிடிக்குதோ அவ்வளவு குடிச்சிருக்கு. இதுல யாரும் யாரையும் ஏமாத்த முடியாது பாரு. அவங்கவங்க கட்சி வண்டியை அவங்கவங்களே ஓட்டறதுன்னு பேச்சு.

முதல்ல நான், டீசல், உன் அக்கா பக்கத்து சீட்டுல. கிளம்பினது நல்லபடியாத்தான் கிளம்பினேன். கடைத்தெரு சிக்னல்ல நின்னோம், பச்சை விழுந்தது, எடுத்தேன், மேடு ஏறினேன், இழுவையைப் பத்திக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, மலையைக் கட்டி விட்டாலும் இழுக்கும்போல இருந்தது. உச்சியில கொக்கி சரியா இருக்கான்னு பார்க்க இறங்கினா, கழிப்பறைக்கு உள்ளேருந்து யாரோ கதவைத் தட்டறாங்க. வழக்கமா வெளியேருந்துதானே தட்டுவாங்க. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணுமே ஓடல. திறந்தா டை கட்டின ஒரு ஆள். சிக்னல்ல வண்டி நின்னப்போ அவசரத்துக்கு ஏறியிருக்கார், தாழ் போட்டிருக்கார், அதுக்குள்ள பச்சை விழுந்திடுச்சு. பேங்க்ல பெரிய பொறுப்புல இருக்கறவராம். முகம் வெளுத்துப்போய், ரெண்டு கையாலயும் கதவைப் பிடிச்சுக்கிட்டு, “யாருங்க ஓட்டினது?”ன்னு கேட்டார். நான் பெருமையா “நான்தான்”னேன். “அப்படியா”ன்னு மட்டும் சொன்னார். திரும்பிப் போக டிரெய்லர்ல ஏற மாட்டேன்னுட்டார். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தோம். வழி பூரா சீட் பெல்ட்டை விடவே இல்ல. பங்க்ல வந்து நிரப்பினா டீசல் போய்க்கிட்டே இருக்கு. நம்ம பழைய வண்டி குடிக்கிற அளவுக்கு இதுவும் குடிச்சிருந்தது. எல்லாம் அந்த ஆளோட எடையாலன்னு நான் வாதாடினேன். எவ்வளவு இருப்பீங்கன்னு கேட்டதுக்கு அவர் ஆட்டோ பிடிச்சுப் போயிட்டார்.

மறுநாள் உன் அக்கா பெட்ரோலை ஓட்டினா. நான் பக்கத்துல. அவ ஓட்டறதைப் பார்க்கப் பொறுமை வேணும் மச்சான். சிக்னல் சிவப்பாகறதுக்கு ரொம்ப முன்னாடியே காலை எடுத்துடறா, வண்டி தானா உருண்டு போய் நிக்குது. மேட்டுல பாதி தூரம் வரைக்கும் அவ காலை அமுத்தறாளா இல்லையான்னே தெரியல. பின்னாடி தொட்டியில தண்ணி இருக்கறதையே நான் மறந்துட்டேன், ஒரு தள்ளு கிடையாது. பங்க்ல நிரப்பினா பாதிதான் பிடிச்சுது. பங்க்காரரே குழாயை ஆட்டிப் பார்த்தார். பெட்ரோல் எப்படி டீசலை விடக் கம்மியா குடிக்கும்? ஊர் உலகத்துல நடக்கற காரியமா? காத்து நம்ம பக்கம் அடிச்சிருக்கும், டயர்ல காத்து சரியா இருந்திருக்கும்னு நான் ஏதேதோ சொன்னேன். அவ சண்டைக்கே வரல. “நாளைக்கு மாத்தி ஓட்டிப் பார்ப்போங்க”ன்னா.

மாத்தி ஓட்டினோம். அங்கேதான் எல்லாம் குழம்பிப் போச்சு. அவ ஓட்டினா டீசல் தேன் குடிக்கிற மாதிரி சொட்டுச் சொட்டா குடிச்சுது. நான் ஓட்டினா பெட்ரோல் டேங்க்ல ஓட்டை விழுந்த மாதிரி காலியாச்சு. ஆக, பெட்ரோல்தான் வேணும்னவ டீசல்தான் நல்லதுன்னு நிரூபிச்சுட்டா. டீசல்தான் வேணும்னவன் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்னு நிரூபிச்சேன். ஒரு விதத்துல ரெண்டு பேரும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கோம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவ சிரிக்கல. கீழே பார்த்துக்கிட்டிருந்தா. “உங்க செருப்பு எங்க?”ன்னா. குனிஞ்சு பார்த்தா இடது கால்ல இருக்கு, வலது கால்ல இல்ல. வண்டிக்குள்ள, மிதிக்கிற இடத்துக்குப் பின்னாடி கிடந்துது. எப்போ கழண்டுதுன்னு தெரியல. வெறுங்காலோட பங்க் பூரா நடந்திருக்கேன், சரளைக் கல்லுல. “காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்”னு சொல்லிச் சமாளிச்சேன். எஞ்சின் மேல பாரத்தைப் போட்டா அது கம்முனு வாங்கிக்கும். அந்த நிமிஷம் எஞ்சின் மேல போடவும் முடியல, வேற எங்க போடறதுன்னும் தெரியல.

அன்னைக்குச் சாயங்காலம் ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உன் அக்கா ஃபிரிட்ஜ்லேருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கிட்டு வந்து என் காலடியில உக்காந்தா. “கண்ணை மூடுங்க”ன்னா. மூடினேன். “இந்தக் கரண்டியைக் கால் கட்டைவிரல்ல வெச்சா எப்படி இருக்குன்னு சொல்லுங்க.” இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டு, “சில்லுனு இருக்கு”ன்னேன். “இன்னும் நான் வைக்கவே இல்லைங்க”ன்னா. கண்ணைத் திறந்தா கரண்டி அவ மடியில இருக்கு. எனக்குக் கோவம் வந்துது. ஃபிரிட்ஜ் சரியா வேலை செய்யலன்னு கத்தினேன். எந்திரிச்சுப் போய் அதோட கதவை வேற திறந்து மூடிப் பார்த்தேன்.

இனி முடிவுக்கு வருகிறேன். நன்றாக யோசித்துவிட்டேன். இழுவைக்கு டீசல், சிக்கனத்துக்கும் டீசல். அழுத்தமான கால் உள்ளவன் ஓட்டினால் பெட்ரோல் எஞ்சின் தலைதெறிக்க ஓடும், எண்ணெயும் கூடவே ஓடும். டீசல் அப்படியில்லை, அதை எவ்வளவு அமுக்கினாலும் அது தன் போக்கில்தான் போகும், ஆகவே நஷ்டம் குறைவு. கால் கொஞ்சம் மரத்திருக்கலாம், யாருக்குத்தான் இந்த வயசில் ஒன்றும் மரக்கவில்லை? நீல வண்டியை நமக்கென்று எழுதிக்கொள். வெள்ளையை எடுத்துக்கொண்டு போ. உன் அக்கா போன் பண்ணி வேறு ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. அவ என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தெரியும். “நீங்க பக்கத்துல உக்காருங்க, நான் ஓட்டறேன்”னுவா. கேக்க நல்லாத்தான் இருக்கு. பார்ட்டி பிடிக்கிறது அவ, பேரம் பேசறது அவ, வாடிக்கையாளர் பேரெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கறது அவ. நான் ஓட்டறவன். அந்த மேட்டை ஏத்தறவன். அதையும் எடுத்துக்கிட்டா, கழிவுநீர் நிலையத்துல குழாயை மாட்டி விடற ஆளா மட்டும்தான் நான் இருப்பேன். எனக்குப் பயமா இருக்கு மச்சான். வேற யார்கிட்ட சொல்றது இதை. அதனாலதான் டீசல்.

பொறுமையாக இவ்வளவும் படித்த உன் கண்ணுக்குக் குறை வராதிருக்கட்டும். உன் கடையில் வண்டிகள் தேங்காமல் போய்க்கொண்டும், பணம் போகாமல் தேங்கிக்கொண்டும் இருக்கட்டும். உன் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகளுக்கு அத்தையின் முத்தங்களும், ரோட்டைப் பார்த்துக் கடக்கச் சொல்லி என் எச்சரிக்கையும்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு. ஒட்டின உறையைப் பிரிச்சு இதை எழுதறேன். மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடு. காலையில எந்திரிச்சுப் பார்த்தா வாசல்ல உன் வண்டி ரெண்டும் அப்படியே நிக்குது, நம்ம பழைய வண்டியையும் டிரெய்லரையும் காணோம். உன் அக்கா தொட்டி நிறைய தண்ணி பிடிச்சுக்கிட்டு, பங்க்ல கழுத்து வரைக்கும் நிரப்பிக்கிட்டு, தனியா மேடு ஏறி இறங்கிட்டு வந்து, வாசல்ல ஹாரன் அடிச்சா. மறுபடி பங்க்ல நிரப்பறதை நான் நேரா நின்னு பார்க்கணும்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. புதுசா வாங்கினப்போ என்ன குடிச்சுதோ அதேதான் பிடிச்சுது, ஒரு சொட்டு அதிகமில்ல. மேட்டுல திணறுச்சான்னு கேட்டேன். “இல்லைங்க”ன்னா, என்னமோ தான் தப்புப் பண்ணிட்ட மாதிரி மெதுவா. எஞ்சின் களைக்கல மச்சான். டீசலும் வேண்டாம் பெட்ரோலும் வேண்டாம், உன் வண்டி ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடு. ஒண்ணை உங்க கடை ஆள் ஓட்டட்டும், இன்னொண்ணுக்கு நீயே வா. உன் அக்காகிட்ட சொல்லாததை உனக்குச் சொல்றேன். நான் கடைசியா ஓட்டினப்போ, இறக்கத்துல முன்னாடி போன பஸ் நின்னுது. என் கால் பிரேக் மேல இருக்குன்னுதான் நினைச்சேன். வண்டி நிக்கல. குனிஞ்சு கண்ணால பார்த்துத்தான் காலை எடுத்து அங்க வெச்சேன். பஸ் பின்சீட்டுல ஒரு குழந்தை எங்களுக்கு டாட்டா காட்டிக்கிட்டிருந்தது, உன் அக்காவும் பதிலுக்குக் காட்டினா. இன்னைக்குச் சாவி வளையத்தை நானே கொண்டு போய் அவ கைப்பையில போட்டுட்டேன். நீ வந்து என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அவ வர வேண்டாம். அவ பக்கத்துல உக்காந்திருந்தா, டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிடுவேன்.