வீட்டுப்பாடத்துக்கு விட்ட இருபத்திரண்டு சாம்பிள்

நாரணாபுரம்,
14 டிசம்பர் 2025.

சென்னைப் பட்டணத்தில் கம்ப்யூட்டருக்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் மேதையும், என் ஒரே அக்காளின் மூத்த மகளும், என் அன்பு மருமகளுமான எழிலுக்கு, உன் தாய்மாமன் செல்லப்பாண்டி இரண்டு கை கொள்ளாமல் ஆசி அள்ளிவைத்துக்கொண்டு எழுதுவது.

இங்கன நாங்கள் எல்லோரும் சுகம். நீ அங்கன வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஆபீசில் ஏசி ரொம்பக் குளிருகிறதா, உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. ஊரில் நல்ல மழை. போன வாரம் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் பெய்த மழையில் ஒவ்வொரு துளியும் ஒரு சொம்பு இருந்தது. நான் மூன்று துளியில் குளித்து முடித்துவிட்டேன். தீபாவளி லோடெல்லாம் போனதும் பூட்டிய பட்டாசுக் கம்பெனியை இன்னும் திறக்கவில்லை, பூசை போட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் உன் மாமன் வீட்டில் சும்மா இருந்தான். வந்த வினையெல்லாம் அந்தச் சும்மாவில்தான் வந்தது.

மாமா போன் பண்ணாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். என் போன் இப்போது உன் அத்தை முத்துப்பேச்சியின் காவலில், அரிசி டிரம்முக்குள், ஐம்பது கிலோ பொன்னிக்கு அடியில் இருக்கிறது. அது ஏன் அங்கே போனது என்பதுதான் இந்தக் கடிதம்.

உன் மாமன் மகள் முத்துமாரி பத்தாம் வகுப்பு. பதினொன்றில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்து உன்னைப் போல வர வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அவள் பள்ளிக்கூடத்தில் அந்தக் குரூப்புக்கு நாற்பது இடம், கேட்கிற பிள்ளைகள் நூற்றிருபது. அதனால் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கம்பெனி செய்த, வீட்டுப்பாடம் திருத்துகிற அந்த ஆப்பில், இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதிக்குள் சராசரி எண்பதுக்கு மேல் இருந்தால்தான் பெயரே பட்டியலில் ஏறும். முத்துமாரிக்கு நவம்பரில் தொண்ணூற்று இரண்டு இருந்தது. இருந்தது என்று எழுதவேண்டி வந்துவிட்டது, மருமகளே.

நவம்பர் கடைசியில் ஆப்புக்குப் புதிய வசதிகள் வந்திருப்பதாக என் போனில் ஒரு சேதி விழுந்தது. இங்கிருந்து சாத்தூர் வரைக்கும் விரித்துப் போடலாம், அம்புட்டு நீளம். நான் மேலே இருந்த நாலைப் படித்தேன். கையால் எழுதியதைப் படம் பிடித்து அனுப்பினால் திருத்துமாம், ஒவ்வொரு வரிக்கும் கருத்துச் சொல்லுமாம், ஒரே பாடத்தை ஐந்து தடவை வரை திரும்பத் திரும்ப அனுப்பலாமாம், பெற்றோர் போனிலிருந்தும் அனுப்பலாமாம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் கிடந்ததை நான் பார்க்கவில்லை. பட்டாசுப் பெட்டியில் பொடி எழுத்தைப் படிக்காதவர்களை இருபத்தாறு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறவன் நான். அதை நீ யாரிடமும் சொல்லாதே.

அன்று சாயங்காலம் முத்துமாரி ஒரு கணக்கைப் போட்டு, படம் பிடித்து அனுப்பினாள். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிக்கவில்லை, அதற்குள் திருத்தி வந்துவிட்டது. மூன்றாவது வரியில் ஒரு வட்டம். 'இங்கே கழித்தல் குறி விடுபட்டுள்ளது. முறை சரி. அரை மதிப்பெண் மட்டும் குறைக்கப்படுகிறது.' எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்றாவது வரியாம். நான் படிக்கிற காலத்தில் எங்கள் கணக்கு வாத்தியார் கடைசி வரியை மட்டும் பார்த்து, மிச்சத்தை என் முதுகில் திருத்துவார். இது எங்கே தப்பு என்று விரல் வைத்துச் சொல்கிறது, முறை சரி என்று தட்டியும் கொடுக்கிறது. அந்த நிமிஷத்திலிருந்து நான் அதை 'அது' என்று சொல்வதை விட்டுவிட்டேன். பெரியவர் என்றுதான் சொல்கிறேன். போனை மேசை மேல் வைக்கும்போதுகூடத் துண்டு விரித்துத்தான் வைத்தேன்.

ஆனால் என் தொழில் என்ன என்று உனக்குத் தெரியும். கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிறவன் நான். எந்த ஆர்டரும் கட்டுக் கட்டி வண்டி ஏறும் முன்னால், பெட்டிக்கு ஒன்று உருவி, பொட்டலுக்குக் கொண்டுபோய்ப் பற்ற வைத்து, மேலே எம்புட்டு போகிறது, சத்தம் எத்தனை, கலர் பிரிகிறதா என்று பார்த்துச் சரி சொன்னால்தான் லோடு நகரும். முதலாளி சொன்னாலும், மேலே இருந்து தேவேந்திரன் இறங்கி வந்து சொன்னாலும், வெடித்துப் பார்க்காமல் நான் எதையும் நம்பினதில்லை. என் பிள்ளையின் வாழ்க்கையே ஏறி உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவரைச் சாம்பிள் பார்க்காமல் எப்படி விடுவேன், நீயே சொல்.

மறுநாள் முத்துமாரி பள்ளிக்கூடம் போனதும் ஆரம்பித்தேன். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று அறிவியலில் ஒரு கேள்வி. நம் ஊரில் எழுதிப் பார்க்கக் காகிதத்துக்கா பஞ்சம், பிரஸ்ஸில் கலர் தப்பிய பட்டாசு லேபிள் வீட்டுக்கு ஒரு கட்டுக் கிடக்கிறது. அதன் பின்பக்கம் எழுதினேன்: வெயிலில் காய வைப்பது, நாலு மணிக்கு மேல் காய வைத்தால் நமுத்துப் போகும். பெரியவர் திருத்தினார். 'சூரிய ஒளியைக் குறிப்பிட்டது சரி. நமுத்துப் போகும் என்பதற்குப் பாடத்தில் ஆதாரம் இல்லை.' பத்துக்கு இரண்டு. தாள் மெலிசு, முன்பக்கத்து அச்சும் தெரிந்திருக்கிறது போல. அதையும் விடவில்லை. 'பற்ற வைத்ததும் விலகி நிற்கவும் என்ற பாதுகாப்பு உணர்வு பாராட்டத்தக்கது. வினாவுக்குத் தொடர்பில்லை.' தாளின் முதுகு வழியாக நெஞ்சைப் படிக்கிறவரை இந்த ஜில்லா கண்டதுண்டா.

அந்த நேரம் பார்த்து லோடு ஏற்றுகிற பலவேசம் வந்தான். அவனுக்கும் சீசன் இல்லை, அவனும் சும்மா. நாலாங்கிளாசோடு நின்றவன். நீயும் ஒரு சாம்பிள் விடுடா என்று தாளைக் கொடுத்தேன். அவன் அதே கேள்விக்குத் தன் ஆடு வேப்பிலை தின்கிற விவரத்தை முக்கால் பக்கம் எழுதினான். பெரியவர் மூன்று கொடுத்தார். இலை என்ற சொல் சரியாம், ஆட்டுக்கு இன்னும் விளக்கம் வேண்டுமாம். பலவேசம் எழுந்து நின்றுவிட்டான்.

"ஏலே செல்லப்பாண்டி, நான் படிக்கயில எனக்கு ஒரு வாத்தியாரும் மூணு மார்க்குப் போட்டதில்லலே. இவரு நல்ல மனுசனா இருக்காருலே."

மார்க்கு வாங்கிய படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, ஊர் முழுக்கக் காட்டிவிட்டு, ஆட்டிடமும் காட்டிவிட்டு வந்தான். பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. நான் பதில் எழுதாமல் ஒரு ராக்கெட் வரைந்து அனுப்பினேன். 'படம் தெளிவு. பாகங்களைக் குறிக்கவும்' என்றார். பாகங்களைக் குறித்து அனுப்பினேன். 'பாகங்கள் சரி. வினா செடியைப் பற்றியது' என்றார். கோபம் என்பதே கிடையாது, மருமகளே. கடைசியாக ஒரு குறுக்கு வழி செய்தேன். அவர் இதுவரை சொன்ன கருத்துகளையெல்லாம் அப்படியே பார்த்து எழுதி, அவருக்கே அனுப்பினேன். 'இவை நான் முன்பு சொன்ன கருத்துகள். சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று வந்தது. நான் போனுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மூன்று நாள், ஐந்து பாடம், இருபத்திரண்டு சாம்பிள். ஒன்றிலும் பெரியவர் தவறவில்லை. லோடை விடலாம் என்று எனக்கு நானே சரி சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் சாயங்காலம் முத்துமாரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையை இறக்கவில்லை. காலில் செருப்போடு என் முன்னால் நின்று, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, ஒளிச்சேர்க்கைக்குள்ள ஆடு எப்பிடி வந்துச்சு?"

அப்புறம்தான் பொடி எழுத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். பெற்றோர் போனிலிருந்து போவதெல்லாம் பிள்ளையின் பெயரில்தான் ஏறுமாம். எத்தனை தடவை அனுப்பினாலும் எல்லாவற்றையும் கூட்டித்தான் சராசரி போடுமாம். தொண்ணூற்று இரண்டு ஐம்பத்தேழாகியிருந்தது. சாம்பிளை வேறாக எடுத்து வைக்கிற வழக்கம் பெரியவருக்குக் கிடையாது, அவருக்கு எல்லாமே லோடு. எனக்கு அது தோன்றவே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் வெடித்த சாம்பிளை யாரும் ஆர்டரில் எண்ணினதில்லை.

அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அழவில்லை. அடுப்படியிலிருந்து உன் அத்தை வந்தாள். நடந்ததைக் கேட்டாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஊரு வெடியெல்லாம் சரியா வெடிக்குதான்னு பாத்தீக. கடசியில பெத்த புள்ளைக்கு வெடி வச்சிட்டீகளே" என்றாள். அந்த நிமிஷமே போன் டிரம்முக்குள் போனது. முத்துமாரி இப்போது அவள் அம்மா போனில்தான் பாடம் அனுப்புகிறாள்.

அன்றிலிருந்து உன் மாமன் சாயங்காலம் ஆறு மணிக்கு முத்துமாரி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருகிறவன் எட்டரைக்குத்தான் எழுந்திருக்கிறான். இன்றோடு பதினெட்டு நாள். டீக்கடை இல்லை, சீட்டு இல்லை, பலவேசம் வாசலில் நின்று விசிலடித்தாலும் தலை தூக்குவதில்லை. அவள் எழுதுவதை வரி வரியாகப் படித்துப் பார்க்கிறேன், பெரியவர் வட்டம் போடும் முன்னால் நான் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வெறி. கழித்தல் குறியைக் கண்டுபிடிப்பதில் எனக்கு இணை இன்று தென் தமிழ்நாட்டில் கிடையாது. இருபடிச் சமன்பாடு தெரியும். செடிக்கு வாய் இலைக்கு அடியில் இருக்கிறது என்று தெரியும், இப்போது எந்த இலையைப் பார்த்தாலும் திருப்பிப் பார்க்கிறேன். தினமும் பாடம் முடிந்ததும் முத்துமாரி அன்றைக்குச் சராசரி என்ன என்று சொல்லுவாள். அறுபத்தொன்று. அறுபத்து நாலு. அறுபத்தொன்பதில் மூன்று நாள் நின்றது, அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று எழுபத்து நாலு. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, ஆறு ஏற வேண்டும். நான் போட்டுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் பத்துக்குப் பத்து வாங்கினாலும் எழுபத்தெட்டில் நிற்கும் போலிருக்கிறது.

ஆகையால் மருமகளே, இந்தக் கடிதத்தை மனுவாக எடுத்துக்கொள். உன் கம்பெனியில் பெரியவரைப் பெற்றெடுத்தவர்கள் யாரோ, அவர்கள் முன்னால் என் சார்பில் கை கட்டி நின்று, அடுத்த தடவை புதிய வசதி போடும்போது சாம்பிளுக்கென்று தனியாக ஒரு பொத்தான் வைக்கச் சொல். அது முடியாது என்றால், அனுப்புவது பிள்ளையா அப்பனா என்று கைரேகை வைத்துப் பார்க்கச் சொல். அதுவும் முடியாது என்றால், பெரியவரிடமே நேராகச் சொல், அந்த இருபத்திரண்டும் முத்துமாரி எழுதியது இல்லை, அவள் அப்பன் விட்டது, ஆடு பலவேசத்தினுடையது என்று. அவர் நியாயஸ்தர், கேட்பார். நாங்கள் எழுதியதற்கு எங்கள் மேல் என்ன தண்டனை போட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன், பத்தாம் வகுப்பை நான் மறுபடி எழுதவும் தயார், பலவேசம் ஐந்தாம் வகுப்பு எழுதத் தயார் என்று சத்தியம் செய்திருக்கிறான். உனக்குச் சாத்தூர் காராச்சேவு இரண்டு கிலோ இத்துடன் கூரியரில் வருகிறது. உன் முதலாளிக்கும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கும் கொடு. லஞ்சமில்லை, சேவு.

உன் சம்பளம் தென்னை போல் வளரட்டும், உன் வேலையில் ஒரு கழித்தல் குறியும் விடுபடாமல் இருக்கட்டும், உனக்கு வரப்போகிறவன் பொடி எழுத்தையும் படிக்கிறவனாக அமையட்டும் என்று மாரியம்மனை வேண்டி, அக்காவுக்கு என் கும்பிடைச் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அன்பும் அவமானமும் கலந்த உன் தாய்மாமன்,
செல்லப்பாண்டி.

பின்குறிப்பு: கவர் ஒட்டப் பசை கேட்டேன். முத்துமாரி பசையோடு வந்தாள், கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள், கிழிக்கச் சொன்னாள். ஏன் என்றேன். சாம்பிள் விஷயம் தெரிந்த மறுநாளே பாண்டிச்செல்வி டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டாளாம். பிள்ளை அனுப்பாததை டீச்சர் நீக்கலாம் என்பதும் அந்தப் புதிய வசதிகளில் ஒன்றாம். டீச்சர் இருபத்திரண்டையும் படித்து, ஆட்டுக்குச் சிரித்து முடித்து, ஒரே தட்டில் நீக்கிவிட்டார்களாம். அவளுடைய சராசரி அன்றைக்கே பழையபடி ஏறிவிட்டது, இப்போது தொண்ணூற்று மூன்று. நேற்று எழுபத்து நாலு என்றாயே என்றேன். காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "சரியாப் போச்சுன்னு சொன்னா நீங்க எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிருவீக. அதான் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துனேன்." நான் பசையை மூடி வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன். ஆகையால் மருமகளே, மேலே எழுதிய மனு எதையும் கம்பெனிக்குக் கொண்டுபோகாதே, பெரியவரிடம் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டாம், காராச்சேவை மட்டும் நீ தின்றுகொள். கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புவது உனக்கு ஒரு வேண்டுகோள் வைக்கத்தான்: உன் அத்தையிடம் போனில் பேசினால் இதைப் பற்றி மூச்சு விடாதே. தெரிந்தால் போன் டிரம்மிலிருந்து வெளியே வந்துவிடும். நாளை ஆறு மணிக்கு எங்களுக்கு முக்கோணவியல் இருக்கிறது. இந்த வீட்டில் இன்னும் எழுபத்து நாலுதான்.