டாங்கி நுழைய ஒரு வாசல்

காலை ஏழு மணிக்குக் கல்மண்டபம் பக்கம் டீ குடிக்கிறவர்களுக்கு இந்த இனத்தை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கோ நாலாயிரம் மைலுக்கு அப்பால் இரண்டு நாடுகள் அடித்துக்கொள்ளும். அந்தச் சண்டைக்கு ராயபுரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடி இருப்புக் கணக்குப் பார்ப்பவர் ஒருவர் இருப்பார். அவர்தான் போர் நிபுணர். தெருவில் சரவெடி வைத்தால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவார், ஆனால் தளபதிகள் செய்யப்போகும் தப்பெல்லாம் அவருக்கு முன்கூட்டியே அத்துப்படி. "நமக்கு இன்னா தெரியும்" என்று ஆரம்பித்தாரானால் அரைமணி நேரம் போச்சு. "எழுதி வெச்சுக்கோ" என்றால் அது நடக்காது. நடக்காமல் போனபின் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார். என்ன சொன்னார் என்று யாருக்கய்யா ஞாபகம்?

இந்த இனத்தில் முதல் ரகம் எங்கள் அசோகன். துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் டாலி கிளார்க். அதாவது, கப்பலில் ஏறும் மூட்டை, இறங்கும் மூட்டையை எண்ணி, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிற வேலை. அசோகன் கோடு போட்டால் மறுகணக்கு கிடையாது என்பார்கள். அந்தப் பெயர் ஒன்றுதான் அவர் சொத்து. ஓய்வு பெற்றதும் எண்ண ஒன்றுமில்லாமல் மனிதர் தவித்துப்போனார். மாடிப்படிகளை எண்ணினார், கரண்ட் கம்பியில் காக்காய்களை எண்ணினார், மனைவி செங்கொடி சுட்டுப்போட்ட தோசைகளை எண்ணப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் போர் வந்தது.

ஒரு பனி நாடு. பெயர் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் என் வீட்டுக்கு வருவார்கள், நமக்கெதற்கு? அந்த நாட்டு ராணுவம் பழைய டாங்கிகளை ஆயிரக்கணக்கில் திறந்த மைதானத்தில் நிறுத்தி வைத்திருந்தது. களத்தில் ஒன்று எரிந்தால் மைதானத்திலிருந்து ஒன்றைத் தட்டிக்கொட்டி அனுப்பும். வானத்திலிருந்து எடுத்த மைதானப் படங்கள் போனில் வர, அசோகன் அதன்மேல் பூதக்கண்ணாடியை வைத்து, கண்ணில் நீர் வழிய வழிய எண்ணி, காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு கோடாகப் போட்டு, மறுநாள் டீக்கடையில் அறிக்கை விடுவார்.

"போன மாசம் ஆயிரத்து நூறு. இப்போ எட்னூத்தி அறுவது. அதுலயும் பாதிக்கு இஞ்சின் கெடையாது, கயட்டி வேற ஒண்ணுல மாட்டிட்டானுங்க. வெளிநாட்டுக்காரனுங்க நெயலையும் சேத்து எண்ணிகினு கீறானுங்கப்பா!"

வீட்டில் இந்த மரியாதை இல்லை. "அந்த ஊரு டாங்கி எத்தினி பாக்கின்னு தெரிது. நம்ம வூட்ல ரெண்டாவது சிலிண்டரு காலியாகி பத்து நாளாச்சு, அது தெர்ல" என்றாள் செங்கொடி.

"அது ரிசர்வுதானே?" என்றார் அசோகன், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, தண்டையார்பேட்டையில் காயலான் கடை வைத்திருக்கும் அத்தாவுல்லா பாய், அசோகனின் இருபது வருஷத் தோஸ்து, ஒருநாள் பன்னை டீயில் நனைத்தபடி கேட்டுவிட்டார்: "அண்ணாத்தே, ஒடஞ்ச டாங்கியெல்லாம் அப்பால இன்னா பண்ணுவாங்க?"

அசோகன் அதுவரை அதை யோசித்ததே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லும் நிபுணரை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

"பழைய இரும்பு, பாய்! ஒண்ணு நாப்பது டன். தை பொறக்கறதுக்குள்ள மைதானம் காலி. ரிசர்வு தீந்தா சண்ட ஓவர். சண்ட முடிஞ்சா எல்லாத்தையும் கப்பல்ல ஏத்தி விப்பான். கப்பல் எங்க வரும்? நம்மாண்டதான். எழுதி வெச்சுக்கோ."

பாய் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, அதைவிட மோசமான காரியம் செய்தார். நம்பினார். அசோகன் கோடு போட்ட கணக்காயிற்றே! அடுத்த வாரமே கடையைக் காலி செய்யத் தொடங்கினார். பஸ் எலும்புக்கூடு, உடைந்த லிஃப்ட், கிரைண்டர் மலை எல்லாம் வந்த விலைக்குப் போயின. மணலியிலிருந்து பாய்லர் ஒன்று தேடி வந்தது. இடமில்லை என்று திருப்பி அனுப்பினார். பழைய படகு இஞ்சின்களை விற்கக் காசிமேட்டுக்காரர்கள் வந்தார்கள். "எடத்த டாங்கிக்கு வெச்சுகீறேன்" என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு பெரிய சந்தேகம் வந்தது. கடை வாசல் பதினோரு அடி. டாங்கியின் அகலம்? அசோகன் போனில் தேடி, கிட்டத்தட்டப் பன்னிரண்டு என்றார். மறுநாள் ஆள் வைத்து வாசல் தூணை இடித்துத் தள்ளினார் பாய். அவர் மனைவி ஜஹானாரா தலையில் அடித்துக்கொண்டதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அப்புறம் என்ன, தினமும் காலையில் இதே பாட்டுதான். "நானூத்தி பன்னெண்டு, பாய்." "வாசல் ரெடி, அண்ணாத்தே." "எரநூத்தி முப்பது." "புதுச் சங்கிலி வாங்கிட்டேன்." காலியான கடையில் நாலு மாடு வந்து படுத்துக்கொண்டது. வாடிக்கைக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் பழகிவிட்டார்கள். பாயின் பிழைப்பு இப்போது அசோகனின் காலண்டர் தாளில் தொங்கியது. டாங்கி வராவிட்டால் அசோகனின் முப்பத்து நாலு வருஷப் பெயர் கப்பலேறிவிடும்.

மார்கழிக் கடைசியில் ஒரு படம் வந்தது. வெறும் பனி. ஒரு டாங்கி இல்லை. அசோகன் கடையிலிருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். துறைமுகத்தில் ஷெட் காலியானால் விசில் ஊதுவார்கள், கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அங்கேயும் ஊதுவார்கள் என்று காத்திருந்தார்.

ஊதவில்லை. பொங்கல் போயிற்று, சண்டை நடந்தது. டாங்கி இல்லையென்றால் தகரம் அடித்த வேனில் போனார்கள். வேன் இல்லையென்றால் மோட்டார் பைக்கில் போனார்கள். பைக்கும் இல்லாதவர்கள் நடந்து போனார்கள்.

ஒருநாள் பாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலி ஆயிடிச்சு இல்ல? அப்பால ஏன் நிக்கல?"

"ரிசர்வு தீந்தா நிக்கணும், பாய். ரூலு அது."

"யாரு ரூலு?"

"ஹார்பர் ரூலு" என்றார் அசோகன். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

பாய் கோபிக்கவில்லை. டீயையும் தொடவில்லை. "அண்ணாத்தே, ஒரு டாங்கில எத்தினி பேரு?"

"மூணு பேரு."

"எங்க தொயில்ல மூடிகினு கீற எதையும் தட்டிப் பாக்காம வெட்ட மாட்டோம். உள்ள கேஸ் கீதா, எண்ண கீதான்னு பாக்கணும். டாங்கி வந்தா தட்டணுமேன்னு நெனச்சேன். ரெண்டு நாளா தூக்கம் இல்ல. அந்த மூணு பேர எங்க கோடு போட்ட?"

அசோகன் காலண்டர் தாள்களைப் புரட்டினார். முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் கோடு. தை தொடங்கி மார்கழி வரை புரட்டியும் ஓர் ஆள் இல்லை. முப்பத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக அவர் கணக்கில் விடுதல்.

"வுட்டுட்டேன், பாய்" என்றார்.

"எனக்கு டாங்கி வாணாம். தூணக் கட்டணும். கூட வா."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து தூண் கட்டினார்கள். செங்கல்லை எடுத்துக் கொடுத்தார் அசோகன், எண்ணாமல். திங்கட்கிழமை டீக்கடையில் அத்தனை பேரும், "இன்னா அண்ணாத்தே, பைக்கு எத்தினி பாக்கி?" என்று பிடுங்கியெடுத்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. கடை தாங்கவில்லை இந்த மௌனத்தை. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டயர் கடை லோகநாதன் போனை எடுத்து, தொண்டையைச் செருமி, "நமக்கு இன்னா தெரியும்..." என்று ஆரம்பித்தார். எல்லோருக்கும் நிம்மதியாயிற்று.

இந்த லோகநாதனை நினைத்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மேலே ஆயிரத்திலிருந்து எண்ணிக்கை இறங்க இறங்க, எப்போது பூஜ்ஜியம் வரும், எப்போது பாயின் வாசலில் வேடிக்கை நடக்கும் என்று ஆவலோடு படித்துக்கொண்டு வந்தீர்களே, உள்ளே ஆட்கள் இருந்தார்களா என்று அத்தாவுல்லா கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டீர்களா? நானும்தான் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், பெஞ்சில் எனக்கும் இடம் வேண்டும்.